கோழியின் பெயர் பெற்ற பறவை



பசிபிக் பெருங்கடலின் பல தீவுகளில் ‘மோவா’ என்னும் சொல்லுக்குக் கோழி என்பது பொருள். சமோவாவிலும் தாகித்தியிலும் ஹவாயிலும் வீட்டு முற்றத்தில் மேயும் கோழியே மோவா. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அக்கடலின் கிழக்குத் தீவுகளிலிருந்து தோணியேறிய மக்கள், இன்று நியூசிலாந்து எனப்படும் நிலத்தை அடைந்தனர். மாவோரி இனத்தவரின் முன்னோர் அவர்கள். உடன் வந்த நாயும் எலியும் அங்கு நிலைபெற்றன, கோழி நிலைபெறவில்லை. சொல் மட்டும் நிலைபெற்றது. அங்கே அவர்கள் கண்ட பறவைகளுள் பெரியது, கழுத்தை நிமிர்த்தினால் 3 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் 200 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் உடையது; இறக்கையின் சுவடும் இல்லாதது. அதற்குக் கோழியின் பெயரையே சூட்டினர். புதுநிலம் புகுவோர்க்குக் கைப்பொருளாக இருப்பது பழஞ்சொல்தானே!

வௌவால் நீங்கலாக நிலத்தில் வாழும் பாலூட்டிகளே இல்லாத தீவுகள் அவை. மான்கூட்டம் மேய வேண்டிய இடத்தில் ஒன்பது வகை மோவாக்கள் மேய்ந்தன. அவற்றுக்குப் பெரும்பகை வானில் இருந்தது. உலகம் அறிந்த கழுகுகளுள் மிகப் பெரியது அவற்றை வேட்டையாடி வாழ்ந்தது. மோவா ஓர் ஈட்டில் ஒன்றிரண்டு முட்டைகளே இடும். குஞ்சு முதிர்ந்து இணைசேரப் பல ஆண்டுகள் ஆகும். வந்தேறிய மக்களின் தொகை மிகச் சிறிது. அவர்கள் கொடியவரும் அல்லர், பசித்தவர்கள். தாய்ப்பறவையையும் உண்டனர், முட்டையையும் உண்டனர். காட்டுக்குத் தீயும் இட்டனர். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குள் ஒன்பது வகையும் அழிந்தன. இரையிழந்த கழுகும் அழிந்தது.

தொல்குடியினர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர், பின்வந்த வெள்ளையரே யாவற்றையும் அழித்தனர் என்று பாடுவது எளிது. அகழ்ந்தெடுத்த எலும்புக் குவியல்கள் அதற்கு இடந்தருவதில்லை. அதே எலும்புகளைக் காட்டிப் பின்வந்தோரின் பழியைக் கழுவ முயல்வது அதனினும் நேர்மையற்ற செயல்.

மோவா மறைந்தபின் அதன் பெயர் மாவோரி முதுமொழிகளுள் புகுந்தது. அடியோடு அற்றுப்போவதை ‘மோவா மறைந்தாற்போல் மறைதல்’ என்னும் கருத்தில் வழங்கினர். 19-ஆம் நூற்றாண்டில் துப்பாக்கியும் புதுநோய்களும் நில இழப்பும் சேர்ந்து அவர்களைத் தாக்கின. 1896-இல் அவர்கள் தொகை ஏறத்தாழ 42,000 ஆகக் குறைந்தது. அந்நாளில் அம்முதுமொழி அவர்கள் மீதே திரும்பியது. தம் இனமும் மோவாவின் வழியே போகுமோ என்று அஞ்சினர். இனம் மீண்டு பெருகியது. முதுமொழி இன்றும் வழங்குகிறது. இத்தகைய மாவோரி முதுமொழிகளைத் தொகுத்து 1879-இல் வெளியிட்டவர் வில்லியம் கொலென்சோ. தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணியொன்று மாவோரிகளிடையே சமையற்கலமாக இருந்ததைக் கண்டு உலகுக்கு அறிவித்தவரும் அவரே என்பது இவ்வவையினர்க்கு இனிக்கும் செய்தி.

இனி ஹுயா. கரிய மேனியும் வெண்ணுனி வால் இறகும் உடைய பறவை. ஆணின் அலகு குறியது. பெண்ணின் அலகு நீண்டு பிறைபோல் வளைந்தது. இணைபிரியாது திரியும். அன்றிலைப் பாடிய மரபில் வந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதன் இறகைச் சூடும் உரிமை மாவோரிகளுள் உயர்ந்தோர்க்கே இருந்தது. அவ்விறகுகளைக் காப்பதற்கென்றே செதுக்குவேலை செய்த மரப்பேழைகள் இருந்தன. அந்தக் கட்டுப்பாடு வேட்டைக்கு ஓரளவு வேலியாயிற்று. ஐரோப்பியர் வந்தபின் வேலி தளர்ந்தது. மேய்ச்சல் நிலத்துக்காகக் காடு வெட்டப்பட்டது. கப்பல் எலியும் பூனையும் பரவின. முயலை ஒழிக்க 1880-களில் ஸ்டோட் என்னும் கீரிபோன்ற விலங்கைக் கொணர்ந்து விட்டனர். அது பறவைக் கூடுகளைச் சூறையாடியது. காட்சியகங்களுக்காகவும் ஹுயாவைச் சுட்டனர். 1892-இல் அதனைக் காக்கச் சட்டம் வந்தது. காப்பதற்கு ஆள் இல்லை. 1901-இல் ரோட்டோருவாவுக்கு வந்த இங்கிலாந்து இளவரசரின் தொப்பியில் மாவோரிப் பெண்மணி ஒருவர் அன்பால் ஓர் இறகைச் செருகினார். அதன்பின் அவ்விறகை அணிவது நாகரிகமாயிற்று. 1907 டிசம்பர் 28-இல் தரருவா மலைத்தொடரில் காணப்பட்டதே ஐயமற ஏற்கப்பட்ட இறுதிக் காட்சி.

ஹுயாவின் குரலை எந்தக் கருவியும் பதிவு செய்யவில்லை. அதனைத் தேடி 1909-இல் காட்டுக்குச் சென்ற குழுவில் ஹெனாரே ஹமானா என்னும் மாவோரி இருந்தார். ஹுயாவைப் போலச் சீழ்க்கையடித்து அதனை அருகே வரவழைக்கும் வித்தையறிந்தவர். வேடர்கள் பறவையைப் பிடிப்பதற்கென்றே பயின்று வந்த வித்தை அது. குழுவினர்க்கு ஹுயா அகப்படவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1949-இல், வெலிங்டன் வானொலி நிலையத்தில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து ஹமானா அக்குரலை எழுப்பினார். அப்பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. மெல்லிய, நீண்ட சீழ்க்கை. இடையே சிறிது நிறுத்தி, மறுபடியும் அழைக்கிறார்.