வில்லும் மறுகுரலும்



நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒன்று காரோடு. அதற்குத் தெற்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலூகாக்கள் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்தது; பாட்டுப் பிரியவில்லை. வடக்கே வில்லடிச்சான் பாட்டு, தெற்கே வில்லுப்பாட்டு. வேணாட்டு வீரர் இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையைப் பாடியதும் தமிழ்ப் பாட்டே.

மணிகள் கட்டிய நீண்ட வில், வீசுகோல், உடுக்கை, குடம், தாளம் ஆகியவையே இதற்குரிய கருவிகள். ஆயினும் அதன் உயிர் வேறோரிடத்தில் இருக்கிறது. தலைவர் ஓர் அடி சொல்வார். பக்கத்திலிருப்பவர் 'ஆமாம்' என்பார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சிறு சொல் பெருந்தொல்லை தருவது. அகராதி அதனை உடன்பாடு என்று கூறி நின்றுவிடும். வில்லடியிலோ அது வியப்பு, ஐயம், இரக்கம், கேலி அனைத்துமாகும்.

இக்கலையைக் கோயில் முற்றத்திலிருந்து நகர மேடைக்குக் கொணர்ந்தோருள் சுப்பு ஆறுமுகம் தலையாயவர். திருநெல்வேலியை அடுத்த சத்திரப் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்தவர். நாகர்கோவில் ஈன்ற கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இவரது திறன் கண்டு சென்னைக்கு அழைத்துக்கொண்டார். கலைவாணர் வில்லில் பாடிய காந்தி மகான் கதையை எழுதியவர் இவரே. 1957-இல் கலைவாணர் மறைந்த பின்னர், சொந்தக் குழுவோடு மேடையிலும் வானொலியிலும் பல்லாண்டுகள் பாடினார். 2004-இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 2021-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2022 அக்டோபரில் மறைந்தார். அவர்தம் மகள் பாரதி திருமகன் இன்று வில்லேந்துகிறார்.

சுடலைமாடனும் இசக்கியம்மனும் வாழ்ந்த பாட்டிலே காந்தியடிகளும் வாழ இடமுண்டு என்று காட்டியது அவர் செய்த பெருந்தொண்டு. எனினும் மேடையின் புகழ் கொடைவிழாப் பாடகரின் அடுப்பை எரிப்பதில்லை. இளமையிலேயே வில்லேந்திக் குமரி மாவட்டக் கோயில்களில் பாடிய பூங்கனி அம்மையார், முதுமையை வறுமையிலே கழித்து 2018 நவம்பரில் மறைந்தார். அவருக்கும் கேட்போர் இருந்தனர்; இறுதிக் காலத்தில் 'ஆமாம்' சொல்வோர் அருகினர்.

வானொலி ஒரு குரலை ஓராயிரம் இல்லங்களுக்குக் கொண்டு செல்லும். ஆனால் கேட்பவர் விடையை அது திருப்பிக் கொண்டு வருவதில்லை. அவ்விடையை நாமே நேரில் சென்று அளித்தல் வேண்டும். அடுத்த கொடைவிழாவுக்கு ஒலிநாடா போதும் என்று ஊரார் எண்ணுவாராயின், ஒரு வில்லுக் குழுவை அழைக்கச் சொல்வோம். உரிய ஊதியம் தரச் சொல்வோம். விடியும் வரை அமர்ந்து கேட்போம். கதை தளரும் இடத்தில் நாமும் உரக்க 'ஆமாம்' என்போம்.

எல்லையின் இருபுறமும் பொருள் விளங்கும் சொல் அது, மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.