படித்ததும் புரிந்ததும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. அதனைச் செய்யப் பலர் இருக்கின்றனர். மாலைப் பள்ளியில் பாடம் சொல்லும் நாங்களோ, எங்கள் தவறு ஒன்றினை உங்கள் முன் வைத்து, அதிலிருந்து கற்றதைச் சொல்ல விரும்புகிறோம். தவறு சிறியது, ஒரு கதையைப் பற்றியது. ஆயினும் அதன் வேர் நம் வாழ்க்கைக்குள் ஆழமாக ஓடுகிறது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாகசக் கதை ஒன்றினைச் சுருக்கித் தமிழில் தந்தோம். ஜாக் லண்டன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1908இல் வெளியிட்ட, தீ மூட்டுதலைப் பற்றிய கதை அது. 1876இல் பிறந்த லண்டன் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. இளமையிலேயே, உணவுப் பொருள்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் கூலிவேலை செய்தவர். ஓக்லண்டு நகரப் பொது நூலகத்தில் படித்துத் தம்மை வளர்த்துக்கொண்டவர். 1897இல் கனடாவின் வடமேற்கிலுள்ள கிளாண்டைக் பகுதிக்குத் தங்கம் தேடிச் சென்றார். பொன் பெரிதாகக் கிட்டவில்லை, கதைகள் கிட்டின.

கதை இதுதான். பெயர் கூறப்படாத ஒருவன், நாய் ஒன்றுடன், உறைந்துபோன ஓடை வழியே தன் கூட்டாளிகளின் முகாமுக்குத் தனியே நடக்கிறான். குளிர், பாரன்ஹீட் கணக்கில் சுழிக்குக் கீழே 75 பாகை. சென்டிகிரேடு கணக்கில் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 59 பாகை. சுழிக்குக் கீழே 50 பாகையைத் தாண்டினால் எவரும் துணையின்றிப் பயணம் செய்யலாகாது என்று முதியவர் ஒருவர் முன்னரே எச்சரித்திருந்தார். அவன் அதனைப் பொருட்படுத்தவில்லை. வழியில் கால் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு நீருக்குள் இறங்கிவிடுகிறது. உடனே தீ மூட்டிக் காலை உலர்த்தாவிடில் உயிர் நில்லாது. மரம் ஒன்றின் அடியில் தீ மூட்டுகிறான். தீ நன்கு பற்றிய வேளையில், கிளைகளில் சுமையாய்த் தங்கியிருந்த பனி சரிந்து விழ, தீ அணைகிறது. மறுபடியும் மூட்ட விரல்கள் இணங்கவில்லை. அவன் இறக்கிறான், நாய் முகாமை நோக்கி ஓடுகிறது.

பிள்ளைகள் திக்கலின்றி வாசித்தனர். பின்னர் வினாக்கள் கொடுத்தோம். அவனுடன் சென்ற விலங்கு எது? அவனை எச்சரித்தவர் யார்? தீ ஏன் அணைந்தது? அத்தனை பேரும், "பனி விழுந்ததால் தீ அணைந்தது" என்று எழுதினர். சிவப்பு மையால் சரியென்று குறித்து, முழு மதிப்பெண் வழங்கி மகிழ்ந்தோம்.

சில நாள் கழித்து ஒரு சிறுமி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சார், மார்கழிப் பனியில் நாங்கள் நாள்தோறும் சருகு கொளுத்திக் குளிர் காய்கிறோம். எங்கள் தீ அணைவதில்லையே. அவனுடைய தீ மட்டும் ஏன் அணைந்தது?"

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் சமவெளிப் பிள்ளைகளுக்குப் பனி என்றால் புல் நுனியில் துளிக்கும் நீர். விடியற்காலை வயலை மூடும் புகைபோன்ற ஈரம். குவியலாய் விழுந்து, கிளையை வளைக்கும் எடையுடைய வெண்பனியை அவர்கள் கண்டதில்லை. மற்றப் பிள்ளைகளையும் வினவினோம். பெரும்பாலோர் நினைத்திருந்தது அதே மார்கழிப் பனியைத்தான். ஆக, ஒருவர்க்கும் விளங்காத செய்திக்கு நாங்கள் அனைவர்க்கும் முழு மதிப்பெண் அளித்திருந்தோம்!

இது எவ்வாறு நேர்ந்தது? ஒரு வாக்கியம் சொல்கிறோம், கேளுங்கள்: "சோலப்பன் நெங்கியைத் துவளித்தான்." நெங்கியைத் துவளித்தவன் யார் என்று கேட்டால், சோலப்பன் என்று உடனே விடை கூறுவீர்கள். விடை சரி. ஆனால் நெங்கி என்பது யாது? துவளித்தல் என்பது யாது? அப்படிப்பட்ட சொற்களே இல்லை, யாம் புனைந்தவை. பொருள் அறியாமலே சரியான விடை எழுத முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? வினாவிலுள்ள சொல்லைப் பாடத்தில் தேடி, அதன் பக்கத்திலுள்ள சொல்லை எடுத்தெழுதும் கலையை நம் பிள்ளைகள் நன்கு பயின்றுள்ளனர்.

கஃப், டன்மர் என்னும் ஆய்வாளர் இருவர் 1986இல் எளிய விளக்கம் ஒன்று தந்தனர். எழுத்தைச் சொல்லாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்குத்தொகையே படித்துணர்தல் என்றனர். கூட்டுத்தொகை அன்று, பெருக்குத்தொகை! ஒன்று சுழியாயின் விடையும் சுழியே. அவர்களுக்கு முன்னரே, பார்ட்லெட் என்னும் உளவியலறிஞர் 1932இல் வெளியிட்ட நூலில் மற்றோர் உண்மையைக் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றினை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்துப் பின்னர் நினைவிலிருந்து சொல்லச் செய்தார். அவர்கள் தமக்குப் பழகாதவற்றைக் கைவிட்டு, பழகியவற்றை இட்டு நிரப்பினர். கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று. கற்றறிந்த ஆங்கிலேயர்க்கே அவ்வாறெனில், வெண்பனியை மார்கழிப் பனியாக்கிய நம் பிள்ளைகளை மந்தபுத்தியினர் என்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. அது அறிவின்மை அன்று. மனம் இயங்கும் முறை.

அதன் பின்னர் எங்கள் முறையை மாற்றினோம். முதலில், புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டிலுள்ள பாட்டிக்குச் சொல்வதுபோல் கதையைச் சொந்தச் சொல்லில் சொல்லச் செய்கிறோம். எழுத வராத பையன் ஒருவன் கதையை அப்படியே கண்முன் நிறுத்தினான். அதுவரை அவனைக் கடைசி வரிசையில் வைத்திருந்ததற்காக நாங்கள் நாணினோம்.

அடுத்து, பாடத்தில் நேராக எழுதப்படாததைக் கேட்கிறோம். உணவுப் பொட்டலத்தை அவன் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்தது ஏன்? வெளியே வைத்தால் உறைந்துவிடும் என்று கதை முழுவதையும் மனத்திற் கொண்டவனே சொல்வான். பனி விழுந்ததால் தீ அணைந்தது. சரி, பனி அந்நேரம் விழுந்தது ஏன்? மரத்தடியில் மூட்டியது சுள்ளி எடுக்க எளிது என்பதற்காக. ஒவ்வொரு சுள்ளியை இழுக்கும்போதும் மரம் சிறிது அதிர்ந்தது. கடைசி அதிர்வில் மேற்கிளையின் சுமை சரிந்தது. அவனைக் கொன்றது விதியா, அவன் பிழையா? இவ்வினாவிற்கு வகுப்பே இரண்டாகப் பிரிந்து வழக்காடியது. வழக்காடும் பிள்ளைக்குக் கதை புரிந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவதாக, கதையைப் பிள்ளைகளின் வாழ்க்கைக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறோம். மேற்கே மழை பெய்திருக்கிறது, ஆற்றைத் தனியே கடக்காதே என்று பெரியவர் ஒருவர் சொல்கிறார். இங்கோ வெயில் அடிக்கிறது, மணலும் தெரிகிறது. நீ என்ன செய்வாய்? கதையின் முதியவரை இங்கே அடையாளம் கண்டுகொண்ட பிள்ளையே கதையை உடைமையாக்கிக்கொண்ட பிள்ளை.

இன்னும் ஒரு வழி உண்டு. இதே கதையை லண்டன் 1902இல் சிறுவர்களுக்கான இதழ் ஒன்றில் வேறு விதமாக எழுதியிருந்தார். அதில் வழிப்போக்கன் பிழைத்துக்கொள்கிறான். இரண்டு முடிவுகளையும் கூறி, எது பொருந்தும், ஏன் என்று கேட்டோம். அவன் பிழைக்க வேண்டும் என்று விரும்பியவர் பலர். ஆனால், "அவ்வளவு குளிரைச் சொல்லிவிட்டுப் பிழைத்தான் என்றால், முதியவர் சொன்ன சொல்லுக்கு மதிப்பு ஏது?" என்றான் ஒருவன். அதற்கு நாங்கள் மதிப்பெண் போடவில்லை. எழுந்து நின்று கைதட்டினோம்.

அன்பர்களே, ஒரு கதைக்கு இத்தனை பாடு எதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். நம் பாட்டன்மார் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார்கள். அதில் எழுதியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. 1892இல் அன்றைய அரசு நம் மக்களுக்கென ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களைப் பிறர்க்கு மாற்றலாகாது என்னும் நிபந்தனை தாளில் இருந்தது. தாளைப் படித்துக் கேள்வி கேட்க இயலாத கைகளிலிருந்து அந்நிலங்களில் பெரும்பகுதி நழுவிப்போயிற்று. இன்று நம் பிள்ளைகள் கையெழுத்திடுகின்றனர்; நன்று. ஆனால் வாசிக்கத் தெரிந்தும் பொருள் அறியாது இடும் கையெழுத்து, கைநாட்டின் மறுவடிவமே அன்றோ?

வகுப்பின் முடிவில், "புரிந்ததா?" என்று கேட்கிறோம். "புரிந்தது சார்" என்று ஒரே குரலில் விடை வருகிறது. அதனை நம்பாதீர்கள். புரியவில்லை என்று சொன்னால் இகழப்படுவோம் என்னும் அச்சம் தலைமுறைகளாய் நம் நாவில் ஒட்டியுள்ளது. கேள்வி கேட்டதற்காகவே அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். ஆகவே மாலைப் பள்ளியில் பாடம் சொல்லும் இளைஞர்களை நாங்கள் வேண்டுவது ஒன்றே. நீங்கள் கேட்கும் வினாக்களைவிட, பிள்ளைகள் கேட்கும் வினாக்களை எண்ணுங்கள். வாரம் ஒரு கதை படியுங்கள். கதைக்கு ஒரு வினாவேனும் ஒவ்வொரு பிள்ளையும் கேட்கும்படி செய்யுங்கள். தவறான வினா என்று ஒன்றில்லை என்பதைச் சொல்லாலன்றி முகத்தாலும் காட்டுங்கள்.

அன்று முழு மதிப்பெண் பெற்ற விடைத்தாள்கள் எவையும் எங்களுக்கு எதனையும் கற்பிக்கவில்லை. மார்கழிப் பனியைப் பற்றிக் கேட்ட சிறுமியின் ஒரு வினா எங்களை ஆசிரியர்களாக்கியது. அத்தகைய வினாக்கள் நம் தெருக்கள்தோறும் எழுமாயின், இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் பயனுடையனவாய் அமையும்.