தேமல்தானே என்று இருந்துவிடலாமா?



குழந்தையின் உடலில் வெளிறிய தேமல் ஒன்று தென்பட்டால், நம் வீடுகளில் அதனைப் பெரிதாகக் கருதுவாரில்லை. "வயிற்றில் பூச்சி" என்பார் பாட்டி. "சத்துக் குறைவு" என்பார் அண்டை வீட்டார். காரணம் பிழையாயினும் அவர்கள் அஞ்சாதிருப்பது பெரும்பாலும் சரியே. முகத்தில் தோன்றும் சாதாரணத் தேமல், வளர வளரத் தானே மறைந்துவிடும். ஆயினும், மிக அரிதாக, அது வேறொரு நோயின் அறிகுறியாக அமைவதுண்டு.

இரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஒருவகையான டி அணுக்கள் உடலைக் காக்கும் காவலர்கள். அவற்றுட் சில கட்டுமீறித் தோலிலே தங்கிப் பெருகுவதையே தோலின் டி அணு லிம்போமா என்கிறோம். இது புற்றுநோய் இனத்தைச் சேர்ந்தது. இதில் முக்கியமான வகைக்கு மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று பெயர். 1806-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து வைத்தியர் அலிபேர், ஒரு நோயாளியின் தோலில் காளான் போன்ற கட்டிகளைக் கண்டு இதனை விவரித்தார். பெயரிலே காளான் உண்டு. நோய்க்கும் காளானுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆதலின் படைக்குப் பூசும் களிம்பு இதனைத் தீர்க்காது.

இது பெரும்பாலும் வயது முதிர்ந்தோர்க்கே வருவது. சிறுவரிடம் வரும்போது, அதிலும் நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலில், வெளிறிய திட்டுக்களாகவே அடிக்கடி தோன்றுகிறது. வெயில் படாத இடை, பிட்டம், தொடை ஆகியவை அதற்குரிய இடங்கள். வெண்புள்ளியைப் போலப் பால்வெண்மை இராது. தொழுநோய்த் திட்டைப் போல உணர்ச்சி குன்றாது. மெல்லிய செதிலும் சிலவேளை அரிப்பும் இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீடிப்பதே இதன் இயல்பு.

பார்த்த மாத்திரத்தில் இதனைத் துணிய இயலாது. தோலில் சிறுதுண்டு எடுத்து நுண்ணோக்கியில் சோதித்தல் வேண்டும். முதற் சோதனையில் புலப்படாமல், மீண்டும் சோதிக்க நேர்வதும் உண்டு. கடையில் தாமே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு அடையாளங்களை மறைத்துவிடக்கூடும்.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம் உத்தியோக மாற்றத்தால் ஊர் மாறுகிறோம், வைத்தியரும் மாறுகிறார். ஆகவே பழைய சோதனைச் சீட்டுக்களைப் பத்திரப்படுத்துங்கள். திட்டு எப்போது தோன்றியது, எதைப் பூசினீர்கள் என்பதைத் தேதியுடன் குறித்து வையுங்கள். அவ்வூர் மொழி நாவில் தடுமாறினாலும் அக்குறிப்புத் துணைசெய்யும்.

இனி, ஆறுதலான செய்தி. சிறுவரிடம் இந்நோய் பெரும்பாலும் தொடக்க நிலையிலேயே காணப்படுகிறது. தோலளவிலேயே நின்று மெல்ல நடப்பது. வைத்தியர் அளந்து தரும் களிம்பும், 311 நானோமீட்டர் அளவுள்ள புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையும் நல்ல பயன் தருகின்றன. மாதக்கணக்கில் தொடர்ந்தால் இழந்த நிறம் திரும்பக் காணலாம். மீண்டும் தலைகாட்டுவதும் உண்டாகையால் பல ஆண்டுகள் கண்காணிப்பு அவசியம்.

இது தொற்றுநோயன்று. குழந்தை பள்ளி செல்லலாம், பிறருடன் விளையாடலாம். பெண் குழந்தையாயின் நாளைக்குத் திருமணப் பேச்சு தடைப்படுமே என்று மறைப்பவர்கள் உண்டு. அவ்விதம் மறைப்பதனால் இழப்பது காலத்தையே. நோயின் பெயர் அச்சுறுத்தலாம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் அஞ்சுவதற்குரிய பகுதி சிறிதே. பல மாதங்களாகியும் மறையாத திட்டு எதுவாயினும் தோல் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.