உருக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம்
(கவ்வாத்துக்குப் போகும் இளைஞர்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கவ்வாத்துக் காலம் வந்துவிட்டால் லயத்துப் பின்பக்கமெல்லாம் கத்தி தீட்டும் சத்தம்தான். சில தம்பிமார் கராஜில் கழித்துப் போட்ட லொறி ஸ்பிரிங் பட்டையைக் கொண்டுவந்து தாங்களே கத்தி செய்கிறார்கள். நல்ல உருக்குத்தான். ஆனால் அறுக்கப் போகும்போதுதான் வில்லங்கம்.

ஹெக்சோ வாளை வைத்து இழுத்தால் வழுக்கிக்கிட்டுப் போகும். அழுத்தி இழுத்தால் பல் மொட்டையாகும். இரண்டு பிளேட் போனதும் பொறுமையும் போய்விடும். உடனே கிரைண்டரை இரவல் வாங்குவாங்க. அதில் காவல் மூடி இருக்காது, கண்ணுக்குக் கண்ணாடியும் இருக்காது. 2022ஆம் வருஷம் இப்படித்தான் ஒரு தம்பிக்கு வெட்டும் தட்டு உடைந்து கண்ணில் அடித்தது. ஆஸ்பத்திரிக்கு நாங்கள்தான் கூட்டிப் போனோம். இடது கண் போய்விட்டது. திரும்பி வரும்போது அவருடைய அம்மா கேட்டார்: "இதை யாராச்சும் முந்தியே சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதாங்க ஐயா?" எங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் இன்று பேசுகிறோம்.

சின்ன வயதில் ஒரு கொல்லர் பட்டறையில் நாங்கள் துருத்தி ஊதியிருக்கிறோம். அங்கே பழகியது இதுதான்: முதலில் இளக வை, பிறகு அறு.

ஸ்பிரிங் பட்டை பாரம் தாங்குவதற்காகப் பதம் ஏற்றியது. அந்தப் பதத்தை முதலில் இறக்க வேண்டும். கரி நெருப்பில் நன்றாகச் சிவக்கக் காய்ச்சுங்கள். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவந்ததும், இன்னும் கொஞ்சம் காய்ச்சி, உலர்ந்த விறகுச் சாம்பலுக்குள் ஆழமாகப் புதைத்து விடுங்கள். இராத்திரி முழுக்க அப்படியே கிடக்கட்டும். தண்ணீர் படவே கூடாது. காலையில் அரத்தை வைத்துப் பாருங்கள். அரம் கடித்தால் உருக்கு இளகிவிட்டது.

கால் அங்குலத் தடிப்புக்கு, அங்குலத்துக்கு 18 பல் உள்ள பிளேட் போதும். மெல்லிய தகட்டுக்கு இன்னும் நெருக்கமான பல் வேண்டும். பல் முன்பக்கம் பார்க்க வேண்டும். பட்டையை வைசில் இறுக்கி, பிளேட்டின் முழு நீளத்தையும் பாவித்து, நிமிஷத்துக்கு 40, 50 தடவைக்கு மேல் போகாமல் அறுங்கள். தள்ளும்போது மட்டும் அழுத்தம். இரண்டு சொட்டு ஒயில் விடுங்கள். பாதியில் பிளேட் தேய்ந்தால், புதியதைப் பழைய வெட்டுக்குள் விடாதீர்கள், இறுகி உடையும். மறுபக்கத்திலிருந்து புது வெட்டுப் போடுங்கள்.

கத்தியின் வளைவுக்கு, கோடு வரைக்கும் நெருக்கமாகப் பல வெட்டுப் போட்டு, துண்டுகளை முறித்தெடுத்து, மிச்சத்தை அரத்தால் தேயுங்கள்.

உருவம் வந்த பிறகு மறுபடி பதம் ஏற்ற வேண்டும். காந்தம் ஒட்டாத சூட்டில் எடுத்து ஒயிலில் தோயுங்கள். தண்ணீரில் போட்டால் வெடிக்கலாம். ஒயில் தீப்பிடிக்கும்; ஆகவே தகரப் பாத்திரத்தில், மூடி பக்கத்தில் இருக்க, வெளியில் வைத்துச் செய்யுங்கள். லயத்துக் கூரைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். தோய்த்த கத்தி கண்ணாடி மாதிரி உடையும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மெல்லச் சூடாக்கி, பழுப்பு நிறம் வந்ததும் நிறுத்துங்கள்.

ஒன்று கவனியுங்கள். இயந்திர வாளின் பழைய பிளேட் சில அதிவேக உருக்கு. அது சாம்பலில் இளகாது. அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

தம்பிமாரே, ஒரு இராத்திரி பொறுத்தால் வேலை முடிந்துவிடும். போன கண் திரும்பி வராது. அரத்தைப் பிடித்தாலும் வாளைப் பிடித்தாலும் கண்ணாடி போடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.