சதம் ஒழிந்தது, காத்திருப்பு ஒழியவில்லை
(வெள்ளவத்தையில் ஆற்றிய உரை)



பொழுது புலருமுன் கொழும்புப் பெரியாஸ்பத்திரி வாயிலைச் சென்று பாருங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து வந்த கூலித் தொழிலாளி அங்கே நிற்கிறார். இரவுப் பேருந்தில் வெள்ளவத்தை வந்திறங்கிய வன்னி விவசாயியும் நிற்கிறார். இருவர் கையிலும் கிளினிக் கொப்பி, இருவர் நெஞ்சிலும் ஒரே கேள்வி: "இன்று நம் முறை வருமா?"

இலவச மருத்துவம் இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும்பேறு. அதனைக் குறைத்துப் பேச நாம் இங்கு கூடவில்லை. 1971-இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கினர். 1977-இல் அதனை நீக்கினர். சதம் ஒழிந்தது, வரி ஒழிந்ததா? ஒருநாட் கூலியை வரிசையில் இழப்பவர் செலுத்துவது வரியன்றி வேறென்ன? பணமுள்ளவரோ அதே நிபுணரை மாலையில் தனியார் மருத்துவமனையிற் கட்டணம் செலுத்திக் காண்கிறார்.

மருத்துவர்மீது பழி சுமத்துவது நம் நோக்கமன்று. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் மருத்துவர் பலர் நாடு நீங்கினர். மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகளை இடைநிறுத்த நேர்ந்தது. எஞ்சியோர் தோளிற் சுமை ஏறிற்று. எனினும் நோயின் வேர் அதற்கும் முந்தியது.

1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றியது. அந்த வழியில் இன்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி உண்டு. ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டையும் அறிந்த குடும்பநல மாது உண்டு. நோய் தடுக்க இத்தகைய ஒழுங்கு செய்த நாடு, நோய் தீர்க்க அதனைச் செய்யவில்லை. சிறு காய்ச்சலும் பெருநோயும் ஒரே வாயிலை முட்டுகின்றன.

வழி இல்லையா? உண்டு. 2011-இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து மக்கள் நிதி திரட்டினர். அந்நிதியால் தெல்லிப்பழையிற் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. மகரகமவரை வரவேண்டியிருந்த வடபுலத்தார் பலருக்கு வழி சுருங்கிற்று. தெற்கில் தொடங்கிய நடை வடக்கின் துயரைக் குறைத்தது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஊர் மருத்துவமனைக்கு மருத்துவரும் மருந்தும் தாருங்கள். அங்கு தீராத நோயே கொழும்புக்கு வரட்டும். கிளினிக் நோயாளிக்கு நாளை மட்டுமன்றி நேரத்தையும் குறித்துக் கொடுங்கள். மூன்றாவது, மொழி. 1956-இன் சட்டம் புறந்தள்ளிய தமிழை 1987-இன் அரசியலமைப்புத் திருத்தம் ஆட்சிமொழியாக ஏற்றது. கருமபீடத்தில் அழைப்புச் சிங்களத்தில் மட்டும் ஒலித்தால், காத்திருந்த தமிழர் தம் முறையையும் இழப்பார். அங்கே தமிழும் ஒலிக்கட்டும்.

நாம் கேட்பது சலுகையன்று. ஏழையின் நேரமும் நேரமே என்னும் நீதியைக் கேட்கிறோம். அது கிட்டும்வரை கேட்போம்!