மெழுகில் பதிந்த குரல்
(ஜெர்மன் இசைநாடகப் பாடகர்களும் முதல் ஒலிப்பதிவுகளும்)



தமிழ் இலக்கிய வட்டத்தின் விழாவில் ஜெர்மன் இசைநாடகத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பிறநாட்டுக் கலைகளைத் தமிழில் அறிந்துகொள்வதும் இலக்கியப் பணியின் ஒரு கூறே. அதனினும் நெருக்கமான காரணம் ஒன்றும் உண்டு. செல்லரித்த ஏட்டைக்கொண்டு மூலநூலின் வடிவை உணர்தல் தமிழாய்வாளர்க்குப் பழகிய பணி. தேய்ந்த இசைத்தட்டைக்கொண்டு மறைந்த பாடகரின் ஆற்றலை உணர்தலும் அத்தகையதே. அத்தட்டை நாம் எவ்வளவு நம்பலாம்? எங்கே ஐயுற வேண்டும்? இவ்விரு வினாக்களையே இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

ஓபரா என்பது உரையாடலைப் பெரும்பாலும் பாடலாகவே நிகழ்த்தும் நாடகம். ஜெர்மன் ஓபராவின் பேருருவாக விளங்கியவர் ரிஹார்ட் வாக்னர் (1813–1883). நான்கு நாடகங்கள் கொண்ட அவருடைய ‘நிபெலுங் மோதிரம்’ 1876 ஆகஸ்டில் பைராய்ட் நகரில் முதன்முறையாக முழுமையாக அரங்கேறிற்று. அடுத்த ஆண்டே, 1877-இல், அமெரிக்காவில் எடிசன் போனோகிராப் கருவியைக் கண்டறிந்தார். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர் 1887-இல் தட்டையான இசைத்தட்டுக்கு வழிகாட்டினார். 1898-இல் அதே ஹனோவரில் தட்டுகளை அச்சிடும் தொழிற்சாலை எழுந்தது. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாடல்கள் தட்டுகளாக உருப்பெற்றதும் அங்கேதான். நம் நாட்டு இசையும் வாக்னரின் இசையும் ஒரே ஆலையில் அச்சேறின என்பது எண்ணி மகிழத்தக்கது.

எனினும் கலையும் கருவியும் உடனே கைகோத்துவிடவில்லை. பெரும் பாடகர்கள் ஒலிப்பதிவை ஒரு பொருட்டாக மதிக்கத் தொடங்கியது 1900-க்குப் பின்னரே. அதற்குள் முதல் தலைமுறை முதுமையை எட்டிவிட்டது. 1876-இல் பிரூன்ஹில்டெயாக நடித்த அமாலி மடெர்னாவின் குரல் நமக்குக் கிட்டவில்லை. 1882-இல் முதல் பார்சிஃபாலாகப் பாடிய ஹெர்மன் விங்கல்மன் சில பதிவுகளை விட்டுச் சென்றார். ஆயின் அவை ஐம்பதாம் வயதின் எல்லையில் நின்ற குரலின் சாயல்களே.

அக்காலப் பதிவுமுறையைச் சற்று விளக்குதல் வேண்டும். 1925-ஐ ஒட்டி மின்முறைப் பதிவு வரும்வரை ஒலிவாங்கி என்பதே இல்லை. பாடகர் ஒரு கூம்புக் குழலின் வாயருகே நின்று பாடுவார். அவ்வொலியின் அதிர்வு ஓர் ஊசியை அசைக்க, ஊசி மெழுகில் வரி கீறும். உச்சத்தில் குரல் ஓங்கும்போது பாடகர் பின்னோக்கி நகர வேண்டும். இல்லையேல் மெழுகில் ஒலி சிதறிவிடும். மெல்லிய குரலுக்கு இக்குழல் ஓரளவு நட்பு. பேரரங்கை நிறைக்கும் பெருங்குரலுக்கோ பகை. நூறு கருவிகள் முழங்க வேண்டிய இடத்தில் ஒரு பியானோவோ சில ஊதுகருவிகளோ ஒலிக்கும். வயலினின் ஓசை பதியாமையால் உலோகக் கூம்பு பொருத்திய தனிவகை வயலினைப் பயன்படுத்தினர். தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ நான்கு நிமிடம். வாக்னரின் நாடகம் ஒன்றோ நான்கு மணி நேரத்தையும் கடக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தட்டு சுழலும் வேகம் அன்று ஒரே அளவினதாக இல்லை. இன்று நாம் தவறான வேகத்தில் சுழற்றினால் சுருதி மாறும். குரலின் இயல்பே திரியும். இசைக்குறிப்பில் உள்ள சுருதியைக்கொண்டு வேகத்தைத் திருத்தலாம். ஆனால் முதிய பாடகர் தம் வசதிக்காகச் சுருதியைத் தாழ்த்திப் பாடியிருந்தால்? ஏடெழுதுவோர் பிழையையும் ஆசிரியர் கருத்தையும் பிரித்தறியத் தடுமாறும் பதிப்பாசிரியரின் நிலையே இங்கும் நேர்கிறது.

இத்தகைய குறைகளுக்கிடையிலும் சான்று பேசுகிறது என்பதற்கு லில்லி லேமன் (1848–1929) சிறந்த எடுத்துக்காட்டு. 1876-இல் பைராய்டில் ரைன் நதிமகளிருள் ஒருவராகவும், போர்த்தெய்வ மகளிருள் ஒருவராகவும், காட்டுப் பறவையின் குரலாகவும் பாடியவர் அவர். 1886-இல் அமெரிக்காவில் ‘டிரிஸ்டானும் இசோல்டேயும்’ முதன்முறை அரங்கேறியபோது இசோல்டே அவரே. விடுப்புக் காலம் கடந்தும் அமெரிக்காவில் தங்கியமையால் பெர்லின் அரசவை அரங்கின் சினத்துக்கு ஆளானார். ஜெர்மானிய அரங்குகள் சில காலம் அவருக்குக் கதவடைத்தன. பேரரசர் தலையிட்ட பின்னரே அவை திறந்தன. 1896-இல் அதே பைராய்டில் பிரூன்ஹில்டெயாக நின்றார்.

அவர் பெர்லினில் ஓடியன் நிறுவனத்திற்காகப் பாடியது 1906, 1907 ஆம் ஆண்டுகளில். பிற்காலத் தமிழ் இசைத்தட்டுகளிலும் நாம் கண்ட முத்திரையே அது. அப்போது அவர் அறுபதை நெருங்கியவர். அத்தட்டுகளில் மோட்சார்ட்டின் பாடல்கள் உண்டு. பெல்லினியின் ‘நோர்மா’ உண்டு. பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’ உண்டு. வாக்னரின் ‘வால்கூரே’யில் வரும் வசந்தப் பாடலும் உண்டு. மூச்சு சில இடங்களில் குறுகியிருப்பது உண்மை. ஆயினும் விரைந்து உருளும் ஸ்வரக் கோவைகளிலும் நீண்ட இழைப்பிலும் பயிற்சியின் உறுதி தெளிவாகக் கேட்கிறது.

இதன் பொருள் யாது? வாக்னரைப் பாடுவதற்குக் கத்தினால் போதும், இனிமை வேண்டா என்றொரு கருத்து நெடுங்காலம் நிலவிற்று. வாக்னரின் மனைவி கோசிமா பைராய்டை நடத்திய காலத்தில் சொல்லின் தெளிவே முதன்மை பெற்றது. மெய்யெழுத்துகளை அழுத்திப் பாடும் அம்முறையை எதிர்த்தோர் குரைப்பு என்றே இகழ்ந்தனர். லேமனும் அக்கட்டுப்பாட்டை ஏற்கவில்லை. வாக்னர் காலத்திலேயே அவருடைய நாடகங்களைப் பாடிய ஒருவர், இத்தாலிய மரபின் இழைப்பையும் நுணுக்கத்தையும் தம் தொண்டையில் வைத்திருந்தார். அதற்கு அத்தட்டுகளே சான்று. நூல்கள் வாதிடலாம், இங்கே குரலே வாக்குமூலம் அளிக்கிறது.

ஒரே பாடகருக்கு இருவகைச் சான்று கிடைப்பதும் உண்டு. லில்லியன் நோர்டிகா 1894-இல் பைராய்டில் எல்சாவாகப் பாடிய அமெரிக்கப் பெண்மணி. கொலம்பியா நிறுவனத்திற்காக 1906-க்குப் பின் அவர் பதித்த தட்டுகளைக் கேட்போர், இவரா அத்துணைப் புகழ் பெற்றவர் என வியப்பர். நல்வாய்ப்பாக வேறு சான்றும் உள்ளது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கின் நூலகர் லயனல் மேபிள்சன், 1901 முதல் 1903 வரை, நிகழ்ச்சி நடக்கும்போதே எடிசன் கருவியால் மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். முதலில் பின்பாட்டு நினைவூட்டுபவர் அமரும் சிற்றறையிலிருந்தும், பின்னர் மேடைக்கு மேலுள்ள நடைபாலத்திலிருந்தும் அவர் அவற்றை எடுத்தார். ஒவ்வொன்றும் இரண்டு நிமிட அளவே, இரைச்சலோ பேரிரைச்சல். எனினும் வாக்னரின் வாத்தியக்குழுவைத் தாண்டி எழும் நோர்டிகாவின் குரலை அவ்வுருளைகளில் உணரலாம். தெளிவான படி பொய் சொல்கிறது. சிதைந்த படி மெய் சொல்கிறது! தட்டு ஒன்றையும் வெளியிடாது ஓய்வுபெற்ற மில்கா டெர்னினாவின் குரற்சுவடும் அவ்வுருளைகளிலேயே எஞ்சியது.

குரலுக்கு மட்டுமன்று, அதற்குரியோர் வாழ்வுக்கும் இப்பதிவுகள் சான்றாகின்றன. எர்னஸ்டைன் ஷூமன்-ஹைங்க் (1861–1936) பைராய்டில் பல்லாண்டு பாடியவர். 1909-இல் டிரெஸ்டனில் ஸ்ட்ராஸின் ‘எலெக்ட்ரா’ அரங்கேறியபோது அதில் பங்கேற்றவர். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். முதல் உலகப் போரில் அவர் மூத்த மகன் ஜெர்மானியக் கடற்படையில் இறந்தார். மற்ற மைந்தர்கள் அமெரிக்கப் படையில் பணிபுரிந்தனர். அத்தாயோ அமெரிக்க வீரர்களுக்காகப் பாடிக்கொண்டிருந்தார். 1917-இல் மெட்ரோபாலிட்டன் அரங்கு ஜெர்மன் ஓபராவையே ஒதுக்கிற்று. 1932-இல், எழுபது வயதில், அதே அரங்கில் அவர் நிலமகள் எர்டாவாகப் பாடி விடைபெற்றார்.

ஒட்டிலி மெட்ஸ்கரின் முடிவோ நெஞ்சை உலுக்குவது. 1878-இல் பிராங்பர்ட்டில் பிறந்த இவர், ஹம்பர்க்கிலும் பைராய்டிலும் தாழ்குரல் வேடங்களில் ஒளிர்ந்தவர். பல தட்டுகள் பாடியவர். யூதர் என்ற ஒரே காரணத்தால் நாடிழந்து பிரஸ்ஸல்ஸில் அடைக்கலம் புகுந்தார். அங்கிருந்தும் கொண்டுசெல்லப்பட்டு ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் உயிரிழந்தார். வாக்னரைத் தம் கொடியாக உயர்த்தியவர்கள், வாக்னரைப் பாடிய குரலை அழித்தனர். எனினும் மெழுகில் முன்பே பதிந்துவிட்டதை அவர்களால் அழிக்க இயலவில்லை.

அன்பர்களே, பழைய தட்டைக் கேட்போர் இருவகைப் பிழைக்கு ஆளாதல் கூடும். இரைச்சலை மட்டும் கேட்டு எள்ளி நகையாடுதல் ஒன்று. பழமை என்பதாலேயே போற்றிப் பணிதல் மற்றொன்று. இரண்டும் வேண்டா. கருவி எதை விழுங்கியது, வயது எதைக் குறைத்தது, வேகம் எதை மாற்றியது என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தல் வேண்டும். அப்படியும் எஞ்சி நிற்பது எதுவோ, அதுவே அப்பாடகருக்குரியது. சொல்லைப் பிளக்கும் உச்சரிப்பு, ஒரு தொடரைத் தாங்கிச் செல்லும் மூச்சு, துயரத்திலும் குலையாத சுருதி ஆகியவை எஞ்சுகின்றன. நான்கு நிமிடமே ஆயினும் அது ஒரு மனிதர் நமக்கு விட்டுச் சென்ற சொத்து. பொறுமையோடு கேட்கும் செவி அதற்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.