குழலுக்கென்று ஒரு பாடவரிசை

பெரியவர்களே, குழல் ஆசிரியர்களே, கூத்துக் கலைஞர்களே, குழலும் கையுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

இசைக் கருத்தரங்கு என்றால் சென்னை, தஞ்சாவூர், மதுரை என்றே நமக்குப் பழகிவிட்டது. ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவியில் குழலைப் பற்றிக் கூடிப் பேசுவதைச் சிலர் வியப்பாகக் கேட்டார்கள். எனக்கு வியப்பில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஏரிக்கரைகளிலும் வயல் ஓரங்களிலும் நிற்கும் நடுகற்களில், கவர்ந்து செல்லப்பட்ட மாடுகளை மீட்கப் போராடி மாண்டவர்களுக்கு எடுத்தவை ஏராளம். மாட்டுக்காக உயிரைக் கொடுத்த நிலம் இது. இன்றும் தை பிறந்தால் எருது விடும் விழாவுக்கு ஊரே திரள்கிறது. மாடு மேய்ந்த இடத்தில்தான் குழல் பிறந்தது என்பதற்கு நம் இலக்கியமே சான்று.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் இடையனைக் காட்டுகிறார். அவன் தீக்கடையும் கோலைக் கொண்டு தீ உண்டாக்குகிறான். அந்த நெருப்பால் குழலில் துளை இடுகிறான். அதில் பாலைப் பண்ணை வாசிக்கிறான். அது சலித்ததும் குமிழ மரக் கொம்பில் மரல் நாரைக் கட்டி வில்யாழ் செய்து மீட்டுகிறான். இன்றும் குழல் செய்பவர்கள் பழுக்கக் காய்ச்சிய கம்பியால்தான் மூங்கிலில் துளை இடுகிறார்கள். கருகிய விளிம்புள்ள அந்தத் துளையை உருத்திரங்கண்ணனார் பார்த்திருக்கிறார். பின்னாளில் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், குழலின் நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என்று அளவே தருகிறார். மேய்ச்சல் காட்டில் இருந்த கருவி அதற்குள் இலக்கணத்துக்கு உட்பட்ட கருவியாகிவிட்டது. காட்டு மெட்டும் அரங்கிசையும் ஒரே மூங்கிலில் குடியிருந்தன என்பதை மறக்காமல் இருந்தால் போதும். இன்று நான் சொல்லவிருப்பது எளிதில் விளங்கும்.

குழல் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு நாம் எதை வாசிக்கக் கொடுக்கிறோம்? சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், எல்லாம் மாயாமாளவகௌளையில். பிறகு மலஹரியில் கீதங்கள், பிலஹரியில் ஸ்வரஜதி, அதன்பின் வர்ணம். புரந்தரதாசர் வகுத்தது என்று மரபு சொல்லும் இந்த முறை வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் மிகச் சிறந்தது. இதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. இதில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் குழலின் உடம்பு வேறு. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

நம் குழலில் முதல் இரண்டு துளைகளை மூடினால் ஷட்ஜம். ஒன்றை மட்டும் மூடினால் சதுசுருதி ரிஷபம். எல்லாம் திறந்தால் அந்தர காந்தாரம். மறுபக்கம் மூன்று மூடினால் கைசிகி நிஷாதம், நான்கு மூடினால் சதுசுருதி தைவதம், ஐந்துக்குப் பஞ்சமம், ஆறுக்குச் சுத்த மத்திமம். விரலை முழுதாக வைத்து முழுதாக எடுத்தாலே வந்துவிடும் இந்த வரிசை எது? அரிகாம்போதி. அறிஞர்கள் பழந்தமிழரின் செம்பாலையோடு ஒப்பிடும் அதே பாலை. அதில் மத்திமத்தையும் நிஷாதத்தையும் விட்டுவிட்டால் மோகனம். முல்லைப் பண் என்று பலரும் கொள்வது இதைத்தான். முல்லை நிலத்துக் கருவியில் முல்லைப் பண், துளையைப் பாதி மூடும் அரைத்துளை எதுவும் இல்லாமல், வந்து நிற்கிறது!

இப்போது மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்த ரிஷபத்துக்கு இடது நடுவிரல் இரண்டாம் துளையைப் பாதி மூட வேண்டும். காகலி நிஷாதத்துக்கு இடது மோதிர விரல் பாதி மூட வேண்டும். சுத்த தைவதத்துக்கு வலது நடுவிரல். ஏழு ஸ்வரத்தில் மூன்று அரைத்துளை. உதடு இன்னும் பதியவில்லை, காற்றில் பாதி வெளியே சீறிப் போகிறது. அந்த நிலையில் பத்து வயதுப் பிள்ளையிடம் விரல் நுனிச் சதையை மயிரிழை அளவுக்கு நகர்த்தச் சொல்கிறோம். சுருதி விலகுகிறது. விலகியதே பிள்ளையின் காதில் பழகிவிடுகிறது. பல பிள்ளைகள் மூன்றாம் மாதத்தில் குழலைப் பரண்மேல் வைத்துவிடுவதற்கு இதுவே முதல் காரணம் என்பது என் உறுதியான முடிவு.

இன்னொரு தடையும் உண்டு. எல்லாத் துளையும் திறந்த காந்தாரத்துக்கு அடுத்து மத்திமத்துக்கு ஏறும்போது ஆறு விரலும் ஒருசேர விழ வேண்டும். உதட்டை இறுக்கி, காற்றைக் கூர்மையாக்கி மேல்தாயிக்குப் போக வேண்டும். சரளி வரிசையின் முதல் வரியிலேயே, நான்காவது எழுத்திலேயே இந்த ஏற்றம் வந்துவிடுகிறது. பாடும் பிள்ளைக்கு இந்த இடத்தில் ஒன்றும் ஆவதில்லை. குழல் பிள்ளைக்கோ இது ஒரு மலை.

இங்கேதான் நாட்டுப்புற மெட்டுகள் துணைக்கு வருகின்றன. தாலாட்டையும் கும்மியையும் கவனித்துப் பாருங்கள். அவற்றில் பல ஐந்தாறு ஸ்வரத்துக்குள் சுற்றி வருபவை. அவற்றை மந்திர பஞ்சமத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையில் அமையும்படி எடுத்துக்கொண்டால், உதடு ஒரே நிலையில் இருக்கப் பாட்டு முழுவதையும் வாசித்துவிடலாம். முதல் மாதத்திலேயே பிள்ளை ஒரு முழுப் பாட்டை வாசிக்கும். வீட்டில் பாட்டி அதைக் கேட்டு அடையாளம் கண்டுகொள்வாள். அந்த அங்கீகாரம் இருந்தால் பயிற்சி தானே நடக்கும்.

மூச்சுக்கும் இதுவே வழி. நடவுப் பாட்டில் ஒருத்தி எடுத்துக் கொடுக்கிறாள்; மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். குனிந்து வேலை செய்யும் உடம்பு பாடுவதால் ஒவ்வொரு வரியும் ஒரு மூச்சுக்குள் அடங்குகிறது. இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைத்து ஒருவன் எடுப்பதை மற்றவன் வாங்கும்படி வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவன் வாசிக்கும்போது மற்றவனுக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது. எங்கே வாக்கியம் முடிகிறது என்பதும் காதில் ஏறுகிறது. அதற்கு அடுத்த படியில் செஞ்சுருட்டி வரட்டும். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்துகள் வரட்டும். செஞ்சுருட்டி அரிகாம்போதியில் பிறந்த இராகமாதலால் விரல் ஏற்கெனவே பழகியது. இப்போது மத்திமத்தைத் தாண்டும் வேலை மட்டும் புதிது. அதன்பின் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவர் சங்கராபரணத்தில் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தவை அவை. கமகம் இல்லாத நேர்நடை. ஒரே ஓர் அரைத்துளை, காகலி நிஷாதம். இப்படி ஒன்று ஒன்றாக அரைத்துளையைச் சேர்த்துக்கொண்டு போய், விரல் தெளிந்த பிறகு மாயாமாளவகௌளைக்கு வருவோம். அப்போது அந்த இராகம் பிள்ளையின் கையில் சுத்தமாக ஒலிக்கும்.

தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பேண்டிலிருந்து மெட்டு எடுக்கத் தயங்கவில்லை என்பதை, நாட்டுப்புறப் பாட்டை வகுப்பறைக்குள் விடத் தயங்கும் ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழல் மேடைக்கு வந்த வரலாறும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டியது. கும்பகோணத்தில் கண் பார்வை இழந்த சரப சாஸ்திரி குழலைத் தனிக் கச்சேரிக் கருவியாக நிறுத்தினார். அவர் மாணவர் பல்லடம் சஞ்சீவ ராவ் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். திருவிடைமருதூரில் 1926-இல் பிறந்த மாலி, விரல் வைக்கும் முறையையும் உதட்டில் குழலைத் திருப்பும் முறையையும் மாற்றி, குரலில் வரும் குழைவையெல்லாம் மூங்கிலில் வரவழைத்தார். நாகசுர மரபில் வந்த திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் கற்ற டி. விஸ்வநாதன், கச்சேரியின் நடுவே குழலைத் தாழ்த்திவிட்டுச் சாகித்தியத்தைப் பாடிக் காட்டுவார். சொல் தெரியாமல் வாசித்தால் ஊதல்தான் இருக்கும், பாட்டு இருக்காது என்பது அந்த மரபின் உறுதி. நாட்டுப்புற மெட்டை வாசிக்கும் பிள்ளைக்கும் இதே விதி பொருந்தும். தாலாட்டின் சொற்களை வாயால் பாடத் தெரிந்த பிறகே குழலை எடுக்க வேண்டும்.

இனி, நமக்கு முன்னால் இருக்கும் பெரிய குறை. நாட்டுப் பாடல் தொகுப்புகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’, நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ போன்ற அரிய நூல்கள் உண்டு. ஆனால் நம் தொகுப்பாளர்கள் பெரும்பாலும் சொல்லைக் காப்பாற்றித் தந்தார்கள்; மெட்டு அவர்கள் காதோடு போயிற்று. கர்நாடக இசைக்கு 1904-இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ ஸ்வரக் குறிப்போடு வெளிவந்தது. அதற்கு நிகரான உழைப்பு நடவுப் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. ஹங்கேரியில் இசையமைப்பாளர் பேலா பார்டோக் கிராமம் கிராமமாக ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்து குடியானவர் மெட்டுகளைச் சேர்த்தார். 1908, 1909-இல் அவற்றைக் கொண்டே பியானோ பயிலும் பிள்ளைகளுக்கு எண்பத்தைந்து சிறு உருப்படிகள் எழுதினார். ஹங்கேரிய மெட்டோடு ஸ்லோவாக்கிய மெட்டையும் சேர்த்துக்கொண்டார். இன்றும் உலகெங்கும் பியானோ பிள்ளைகள் அவற்றை வாசிக்கிறார்கள்.

நம் ஊரும் அப்படிப் பல மொழி மெட்டுகள் கலக்கும் எல்லை நிலம்தான். சந்தையில் தமிழ், வீட்டில் தெலுங்கு, ஓசூர்ப் பக்கம் போனால் கன்னடம். தமிழ்ப் பிள்ளைகள் முதன்முதலில் கற்கும் மலஹரி கீதங்களில் கன்னடத்தில் அமைந்தவை உண்டு; யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் தொழிற்சாலைகள் வந்தபின் ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்களும் இங்கே வாழ்கிறார்கள். சந்தால் மக்களின் திரியோ என்ற மூங்கில் குழல் புகழ்பெற்றது. விடுதி அறையில் அதை வைத்திருக்கும் இளைஞர் யாரேனும் இருந்தால் அவரையும் அழைத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

இந்த மெட்டுகளைப் பதிவு செய்யும் முறையில் ஒரு கண்டிப்பு வேண்டும். பாடுகிறவரைத் திருத்தக் கூடாது. தைவதம் சற்றே தாழ்ந்து நின்றால் தாழ்ந்ததாகவே எழுதுங்கள். இராகத்துக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். என்ன வேலையின்போது பாடியது, எத்தனை பேர் வாங்கிப் பாடியது, எங்கே மூச்சு விட்டார்கள் என்பதையும் குறியுங்கள். கூத்து ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டுக்காரர் எடுக்கும் உச்சத்துக்கு ஈடுகொடுக்கும் முகவீணைக்காரர்களிடம் இருக்கும் மெட்டுகள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களை மேடை ஓரத்தில் நிறுத்தாமல் இந்த அரங்கில் ஆசிரியர்களாக உட்காரவையுங்கள்.

பிற்பகல் அமர்வுகளில் கட்டுரைகள் படிக்கப்படும், நல்லது. ஆனால் ஒவ்வொரு கட்டுரையாளரும் இறங்குவதற்கு முன் ஒரு மெட்டையாவது ஸ்வரத்தில் எழுதித் தந்துவிட்டுப் போக வேண்டும் என்று தலைமைப் பொறுப்பில் கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தெரியாதவர்கள் பாடுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அந்தத் தாள்களைச் சேர்த்தால் குழல் பாடவரிசையின் முதல் புத்தகத்துக்கான கைப்பிரதி நம்மிடம் இருக்கும். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் பாட்டைத் தர முன்வந்திருக்கும் நடவுப் பாட்டுப் பாடும் தாய்மாரை மேடைக்கு அழைக்கிறேன்.